வாட்டம் தப்பினால் குளிராது

ஸ்காட்லாந்தின் கிளென்கோ பள்ளத்தாக்கில் மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்த ஒரு மாலை. வாடகைக்கு எடுத்திருந்த மோட்டார்ஹோமை முகாம் திடலின் புல்தரையில் நிறுத்தினேன். படுக்கை, அடுப்பு, கழிவறை, ஃபிரிட்ஜ் எல்லாம் உள்ளேயே அடங்கிய வண்டி அது. நிறுத்தியதும் முதல் வேலையாக ஃபிரிட்ஜைத் திறந்து, ஃப்ரீசர் தட்டின்மேல் விரல் நீளமுள்ள ஒரு ரசமட்டத்தை வைத்தேன். சாவியைக் கையில் தந்தவர் அந்த ரசமட்டத்தையும் சேர்த்துத் தந்து, ராத்தங்கும் இடத்தில் எல்லாம் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். குமிழி நடுக்கோடுகளைத் தாண்டிப்போய் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது.

பக்கத்தில் நிறுத்தியிருந்த முதியவர் நான் குனிந்து நிமிர்வதைப் பார்த்துவிட்டார். தம் வண்டியிலிருந்து படி படியாக வெட்டிய மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்புகள் இரண்டை எடுத்துவந்து என் முன்சக்கரங்களை ஒட்டி வைத்தார். மெதுவாக ஏற்று என்று கைகாட்டினார். முதல் படி, பிறகு இரண்டாம் படி. உள்ளே போய்ப் பார்த்தால் குமிழி நடுவுக்கு வந்திருந்தது. முன்பு ஒரு ஃபிரிட்ஜை இப்படிச் சாய்வாக நிறுத்தி நிறுத்தியே கெடுத்துவிட்டதாக அவர் சொன்னார். அன்றிலிருந்து ஆப்பு இல்லாமல் எங்கும் கிளம்புவதில்லையாம்.

வீட்டு ஃபிரிட்ஜ் கொஞ்சம் சாய்ந்து நின்றால் கதவு சரியாகச் சாத்தாது, அவ்வளவுதான். குளிர்விப்பதில் ஒரு குறையும் வராது. வண்டியில் இருக்கும் ஃபிரிட்ஜுக்கு மட்டும் தரை ஏன் இத்தனை மட்டமாக வேண்டும்? அன்றிரவு அந்தக் கேள்வியோடுதான் படுத்தேன். பதிலைத் தேடிப் போனபோது எனக்குக் கிடைத்தது, மனிதர்கள் செய்த இயந்திரங்களில் நான் மிகவும் நேசிக்கும் ஒன்று.

வண்டியின் வெளிப்புறச் சுவரில், ஃபிரிட்ஜின் முதுகுக்கு நேராக, மேலும் கீழுமாக இரண்டு காற்றுத்தட்டிகள் இருக்கும். கீழ்த்தட்டியைக் கழற்றினால் குழாய்கள் சுருள் சுருளாகத் தெரியும். அடியில், தகரக் கூட்டுக்குள், கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு நீலச்சுடர் எரிந்துகொண்டிருக்கும். அந்த நெருப்புதான் உள்ளே ஐஸ் உறையவைக்கிறது. மோட்டார் கிடையாது. சுழல்கிற, உரசுகிற, தேய்கிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. காதை வைத்துக் கேட்டால் சுடரின் மெல்லிய சீறல் மட்டும் கேட்கும். பெரிய ஹோட்டல் அறைகளில் மேசைக்கு அடியில் சத்தமே இல்லாமல் இருக்கும் குட்டி ஃபிரிட்ஜுகளில் பலவும் இந்த இனம்தான். அங்கே சுடருக்குப் பதில் மின்சாரச் சூடேற்றி இருக்கும்.

நெருப்பை வைத்துக் குளிரூட்டுவது எப்படி என்பதற்குப் போகும் முன், நம் வீட்டு மண்பானையிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். பானைச் சுவரில் கசியும் ஈரம் ஆவியாகிறது. ஆவியாக வெப்பம் வேண்டும். அந்த வெப்பத்தை உள்ளே இருக்கும் தண்ணீரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, தண்ணீர் குளிர்கிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் வறண்ட காற்று வீசும் நாளில் பல் கூசும் அளவுக்குக் குளிரும் அதே பானை, கடலோர ஊரின் புழுக்கத்தில் அப்படிக் குளிர்வதில்லை. இரண்டு நாளிலும் காற்றின் மொத்த அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். மாறுவது, அந்தக் காற்றில் நீராவியின் பங்கு. காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் பானையின் ஈரத்துக்குப் போக இடமில்லை. வறண்டிருந்தால் நிறைய இடம்.

1801இல் ஜான் டால்டன் என்ற ஆங்கிலேயர் இதை விதியாகவே சொன்னார். ஒரு கலவையில் உள்ள ஒவ்வொரு வாயுவும், மற்றவை அங்கே இல்லவே இல்லை என்பதுபோலத் தன் பங்கு அழுத்தத்தை மட்டும் தருகிறது. ஈரம் ஆவியாவதா வேண்டாமா என்பதை முடிவுசெய்வது நீராவியின் பங்கழுத்தம்தான். சுற்றிலும் எத்தனை நைட்ரஜன், எத்தனை ஆக்சிஜன் இருந்தால் என்ன, தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மோட்டார்ஹோம் ஃபிரிட்ஜின் உயிர் இந்த ஒரு விதியில் இருக்கிறது.

அதன் குழாய்களுக்குள் மூன்றே பொருள்கள்: அம்மோனியா, தண்ணீர், ஹைட்ரஜன். தொழிற்சாலையில் நிரப்பிப் பற்றவைத்து மூடியபின் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ வழியில்லை. சாதாரணக் காற்றழுத்தத்தில் அம்மோனியா மைனஸ் 33 டிகிரியிலேயே கொதித்துவிடும். 40 டிகிரி வெயிலில் அதைத் திரவமாக்கி வைத்திருக்க வேண்டுமானால் காற்றழுத்தத்தைப்போல் சுமார் 15 மடங்கு அழுத்தம் தேவை. வீட்டு ஃபிரிட்ஜில் இதற்காகக் கம்ப்ரெசர் ஒரு பக்கம் அமுக்கும், மறுபக்கம் உறிஞ்சும். அழுத்தம் கூடிய பகுதியில் வாயு திரவமாகிறது, குறைந்த பகுதியில் அந்தத் திரவம் ஆவியாகிக் குளிரூட்டுகிறது. இரண்டு பகுதிகளையும் பிரித்துவைப்பதுதான் கம்ப்ரெசரின் வேலை.

நம் மௌன ஃபிரிட்ஜில் அந்தப் பிரிவினை இல்லை. எந்தக் குழாயைத் தொட்டாலும் மொத்த அழுத்தம் ஒன்றேதான், காற்றழுத்தத்தைப்போல் 20 மடங்குக்கு மேல். அத்தனை அழுத்தத்தில் அம்மோனியா எப்படி ஆவியாகும்? இங்கேதான் ஹைட்ரஜன் வருகிறது. குளிரூட்டும் சுருளில் ஹைட்ரஜன் நிறைந்திருக்கிறது, அம்மோனியா வாயு கொஞ்சம்தான். திரவ அம்மோனியா அதற்குள் வந்து விழுந்ததும், மண்பானையின் ஈரத்துக்கு வறண்ட காற்று கிடைத்தமாதிரி ஆகிறது. மொத்த அழுத்தம் எவ்வளவு இருந்தாலும் அம்மோனியாவின் பங்கழுத்தம் மிகக் குறைவு. ஆகவே அது மைனஸ் 20 டிகிரிக்கும் கீழான குளிரிலேயே ஆவியாகத் தொடங்கி, ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் பாலிடமிருந்தும் மீனிடமிருந்தும் வெப்பத்தை வாங்கிக்கொள்கிறது. பூட்டிய இரும்புக் குழாய்க்குள் ஒரு கோடைக்காற்றை அடைத்துவைத்திருக்கிறார்கள். என்னை மயக்கிய இடம் இதுதான்.

ஆவியான அம்மோனியாவை மறுபடி பிடிக்க வேண்டும். அதற்குத்தான் தண்ணீர். 20 டிகிரி வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியா வாயுவைக் குடித்துவிடும். பள்ளி ஆய்வகத்தில் குடுவைக்குள் தண்ணீர் தானாகப் பீறிட்டுப் பாயும் அம்மோனியா நீரூற்றைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தாகம் தெரியும். ஹைட்ரஜனோ தண்ணீரில் கரைவதே அரிது. அம்மோனியாவும் ஹைட்ரஜனும் கலந்த வாயுவைத் தண்ணீர் வழியும் சுருளுக்குள் விட்டால் அம்மோனியா தண்ணீரோடு போய்விடும், ஹைட்ரஜன் தனியே மீளும்.

இனி ஒரு சுற்றைத் தொடர்ந்து பார்க்கலாம். அடியில் சுடர் எரியும் இடத்தில் அம்மோனியா கரைந்த தண்ணீர் சூடாகிறது. அங்கிருந்து மிக ஒல்லியான ஒரு குழாய் மேலே போகிறது. இளநீரின் கடைசி மடக்கை ஸ்ட்ராவில் உறிஞ்சும்போது, காற்றுக் குமிழிகளுக்கு நடுவே இளநீர் துண்டு துண்டாக ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல அம்மோனியா குமிழிகள் தண்ணீரைத் துண்டு துண்டாக மேலே தள்ளிக்கொண்டு போகின்றன. இந்த ஃபிரிட்ஜில் பம்ப் என்று எதையாவது சொல்ல முடியுமானால் அது இந்தக் குமிழிக் குழாய்தான். மேலே அம்மோனியா பிரிந்து உச்சியில் இருக்கும் தகட்டுக் குழாய்க்குப் போய், வெளிக்காற்றில் வெப்பத்தை விட்டுத் திரவமாகிறது. அம்மோனியாவை இழந்த தண்ணீர் வேறு வழியாக இறங்கி, அம்மோனியாவைக் குடிக்கும் சுருளில் வழிகிறது.

அதற்குப் பிறகு நடப்பது எல்லாம் இறக்கம். திரவ அம்மோனியா தானாக இறங்கிக் குளிரூட்டும் சுருளுக்கு வருகிறது. அங்கே ஆவியாகி ஹைட்ரஜனோடு கலக்கிறது. அம்மோனியா ஹைட்ரஜனைவிட எட்டு மடங்குக்கு மேல் கனம், அதனால் அந்தக் கலவை கனத்துக் கீழே இறங்குகிறது. கீழே தண்ணீர் அம்மோனியாவைக் குடித்துவிட, பாரம் இறங்கிய ஹைட்ரஜன் மறுபடி மேலே ஏறுகிறது. அம்மோனியா கரைந்த தண்ணீர் அடித்தொட்டியில் சேர்ந்து சுடருக்கே திரும்புகிறது. ஏற்றிவிடுவது ஒரு நெருப்பு. மற்றதை எல்லாம் புவியீர்ப்பு பார்த்துக்கொள்கிறது.

இதை முதலில் செய்து காட்டியவர்கள் ஸ்டாக்ஹோமின் அரச தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த இரு மாணவர்கள், பால்ட்சார் ஃபோன் பிளாட்டனும் கார்ல் முன்டர்ஸும். 1922இல், இருபத்தைந்தை ஒட்டிய வயதில். அம்மோனியாவையும் தண்ணீரையும் வைத்துக் குளிரூட்டும் கருவியை பிரான்ஸின் ஃபெர்டினான் கார்ரே 1859இலேயே செய்திருந்தார். ஆனால் அதில் அழுத்தம் கூடிய பகுதியும் குறைந்த பகுதியும் தனித்தனி, நடுவில் பம்ப் வேண்டும். ஹைட்ரஜனை உள்ளே விட்டு அந்தப் பிரிவினையையே தேவையில்லாததாக்கியது இந்த இருவரின் சாதனை. எலக்ட்ரோலக்ஸ் நிறுவனம் உரிமையை வாங்கி 1925இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஐன்ஸ்டைனும் லியோ சிலார்டும் சேர்ந்து, நகரும் பாகம் இல்லாத வேறொரு ஃபிரிட்ஜுக்குக் காப்புரிமை பெற்றதும் அந்தக் காலத்தில்தான். மின்சாரம் போய்ச் சேராத ஊர்களில் தடுப்பூசி மருந்துகளை மண்ணெண்ணெயிலும் காஸிலும் ஓடிய இந்த ஸ்வீடன் வகை ஃபிரிட்ஜுகள் பல பத்தாண்டுகள் காப்பாற்றி வைத்தன. அதனால் பிழைத்த குழந்தைகளை நினைத்தால், அந்த இரண்டு மாணவர்களின் பெயர் இன்னும் நிறையப் பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

மோட்டார்ஹோமில் இது வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் காஸ். வண்டி நிற்கும்போது மின்சாரம் என்பது பெட்டிக்குள் இருக்கும் பேட்டரிதான். 12 வோல்ட்டில் இந்த ஃபிரிட்ஜ் 10 முதல் 14 ஆம்பியர் இழுக்கும். 100 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரே ராத்திரியில் காலி. அதனால் எஞ்சின் ஓடும்போது மட்டும் 12 வோல்ட், முகாமில் வயர் சொருக வசதி இருந்தால் 230 வோல்ட், இரண்டும் இல்லாத இடத்தில் காஸ். காஸில் ஒரு நாளைக்குச் சுமார் 300 கிராம் போதும். ஒரு சிறிய சிலிண்டரை வைத்துக்கொண்டு மலையடிவாரத்தில் வாரக்கணக்கில் பாலையும் வெண்ணெயையும் கெடாமல் வைத்திருக்கலாம்.

அதற்கு ஈடாக அது கேட்பது மட்டமான தரை ஒன்றைத்தான். வீடு கட்டியவர்களுக்கு ‘வாட்டம்’ என்ற சொல் தெரியும். மொட்டைமாடித் தளம் பார்வைக்குச் சமமாகத்தான் இருக்கும். ஆனால் மழைநீர் ஓடிப்போகும்படி கொத்தனார் மூலைக்குழாயைப் பார்த்து லேசாக வாட்டம் விட்டிருப்பார். அந்த வாட்டம் ஒரு விரற்கடை தப்பினால் தண்ணீர் நடுவிலேயே குட்டையாக நின்றுவிடும். இந்த ஃபிரிட்ஜின் முதுகில் இருக்கும் சுருள்களும் அப்படியே. இடமிருந்து வலம், வலமிருந்து இடம் என்று ஏறக்குறையப் படுக்கையாகப் போகும் குழாய்கள், ஒவ்வொன்றிலும் சில டிகிரி மட்டும் வாட்டம். ஃபிரிட்ஜின் அகலம் ஏறத்தாழ அரை மீட்டர். அது 3 டிகிரி சாய்ந்தால் ஒரு பக்கம் இரண்டரை சென்டிமீட்டர் உயர்ந்துவிடுகிறது. குழாயின் வாட்டத்தைத் தின்றுவிட அது போதும். வழிந்தோட வேண்டிய திரவம் வளைவுகளில் குட்டையாக நிற்கத் தொடங்கும்.

அப்புறம் நடப்பது கண்ணுக்குத் தெரியாத சேதம். மேலே தேங்கிய திரவம் அடித்தொட்டிக்குத் திரும்புவதில்லை. சுடருக்கு இது தெரியாது, அது எரிந்துகொண்டே இருக்கும். கொதிக்கும் பகுதியில் திரவம் வற்றி வெப்பம் அளவு மீறிப்போகும். இரும்புக் குழாய் உள்ளே அரிக்காமலிருக்க அந்தத் தண்ணீரில் சோடியம் குரோமேட் என்ற மஞ்சள் உப்பைக் கொஞ்சம் கரைத்திருப்பார்கள். அதிக வெப்பத்தில் அது பிரிந்து திடமாகப் படியும். படிந்தது மறுபடி கரையாது. படிகிற இடமோ இளநீர் ஸ்ட்ரா போன்ற அந்த ஒல்லிக் குமிழிக் குழாய். ஒரு ராத்திரிச் சாய்வில் ஒரு துளி, இன்னொரு ராத்திரியில் இன்னொரு துளி. குழாய் குறுகக் குறுகக் குளிரும் குறைந்துகொண்டே போகும். ஒருநாள் சுடர் வழக்கம்போல் எரியும், சூடேறும், ஆனால் உள்ளே குளிராது. எந்த ராத்திரியில் கெட்டது என்று யாராலும் சொல்ல முடியாது. கிளென்கோ முதியவரின் ஃபிரிட்ஜும் இப்படித்தான் போயிருக்க வேண்டும்.

கெட்ட ஃபிரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துவைத்தால் சரியாகிவிடும் என்று ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். வெறும் தேக்கமாக இருந்தால் திரவம் கலைந்து பழைய வழிக்கு வரலாம். உப்புப் படிந்திருந்தால் எத்தனை முறை கவிழ்த்தாலும் அது போகாது. பின்பக்கக் காற்றுத்தட்டிக்குள் மஞ்சள் பொடியோ, மூக்கை அறுக்கும் அம்மோனியா நெடியோ தென்பட்டால் குழாயே கசிகிறது என்று பொருள். உடனே அணைத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது எரியக்கூடிய ஹைட்ரஜன். மஞ்சள் பொடி நச்சு, கையால் தொடக் கூடாது.

எவ்வளவு சாய்வு வரை தாங்கும்? பழைய மாடல்களுக்குக் குமிழி நடுவிலிருந்து விலகவே கூடாது. புதியவற்றுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு, ஃபிரிட்ஜின் இடவலமாக 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. சுருள்கள் இடவலமாக ஓடுவதால்தான் அந்தத் திசைக்கு மட்டும் இத்தனை கண்டிப்பு. இதில் பலர் தவறவிடும் ஒன்று இருக்கிறது. ஃபிரிட்ஜ் பெரும்பாலும் வண்டியின் பக்கச்சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கிறது. ஆக ஃபிரிட்ஜின் இடவலம் என்பது வண்டியின் முன்பின். எங்கள் வண்டியில் ஃபிரிட்ஜ் இடதுசுவரில் இருந்தது. குமிழி இடப்பக்கம் ஓடினால் வண்டியின் பின்புறம் உயர்ந்திருக்கிறது, முன்சக்கரத்தைத் தூக்க வேண்டும். முதியவர் ஒரு பார்வையில் கண்டுகொண்டது அதைத்தான். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் 4 மீட்டர் இடைவெளி உள்ள வண்டியில் 3 டிகிரி என்பது 21 சென்டிமீட்டர் உயர வித்தியாசம். கேட்கப் பெரிதாகத் தோன்றும், ஆனால் மலைநாட்டுப் புல்தரையில் அது வெகு சாதாரணம். ரசமட்டத்தை வண்டியின் தரையில் வைக்காமல் ஃப்ரீசர் தட்டிலேயே வைக்கச் சொல்வதற்கும் காரணம் உண்டு: மட்டமாக இருக்க வேண்டியது ஃபிரிட்ஜ். தரையும் அதுவும் ஒன்றுபோல இருக்கும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

ரசமட்டம் கையில் இல்லாவிட்டால் நம் உடம்பே போதும். கட்டிலில் படுத்துப் பார்க்கலாம். தலைப்பக்கம் தாழ்ந்து ரத்தம் ஏறுவதுபோல் இருந்தாலோ, போர்வையோடு ஒரு பக்கம் சரிந்தாலோ ஃபிரிட்ஜுக்கும் அந்த இடம் ஆகாது. மனிதன் சுகமாகத் தூங்கும் மட்டத்தில் ஃபிரிட்ஜும் பெரும்பாலும் சரியாக ஓடும். மதியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் சரிவில் நிறுத்துவதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. ராத்தங்கல்தான் கணக்கு. மட்டமான இடம் கிடைக்கவே இல்லையென்றால், அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விடுவதே மேல். ஒரு ராத்திரியில் பால் கெட்டால் பால்தான் கெடும், குழாய் கெடாது.

குறையும் உண்டு, சொல்லாமல் இருக்கக் கூடாது. இது மெல்லக் குளிரும் பெட்டி. பயணத்துக்கு முந்தைய இரவே மூட்டிவிட வேண்டும். வெளி வெப்பத்தைவிடச் சுமார் 20 முதல் 25 டிகிரிதான் உள்ளே குறைக்க முடியும் என்பதால் கடும் வெயிலில் திணறும். குளிர்நாட்டின் பனிக்காலத்தில் வேறொரு சிக்கல்: பியூட்டேன் காஸ் பூஜ்யம் டிகிரியை ஒட்டி ஆவியாகாமல் நின்றுவிடும், புரொப்பேன் வைத்துக்கொள்ள வேண்டும். சோலார் தகடும் லித்தியம் பேட்டரியும் மலிவாகிவரும் இந்நாளில் புதிய வண்டிகள் பலவற்றில் 12 வோல்ட் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் வந்துவிட்டது. அதன் கம்ப்ரெசர் 30 டிகிரி சாய்வையும் பொருட்படுத்தாது. வண்டி வாங்கப் போகிறவர் என்னிடம் கேட்டால், வெயில் நாடுகளில் சுற்றுவதாக இருந்தால் கம்ப்ரெசரையே எடுங்கள் என்பேன். ஆளரவமற்ற இடத்தில் வெயிலும் இல்லாமல் வயரும் இல்லாமல் நாள்கணக்கில் நிற்க விரும்புகிறவருக்கு இந்தச் சுடரை விஞ்ச எதுவும் இல்லை.

மறுநாள் காலை மழை ஓய்ந்திருந்தது. ரசமட்டத்தின் குமிழி ராத்திரி விட்ட இடத்திலேயே இருந்தது. பால் பாட்டிலைத் தொட்டால் கை சில்லிட்டது. காஸை அடைத்து, குமிழை 12 வோல்ட்டுக்குத் திருப்பி, ஆப்புகளிலிருந்து வண்டியை மெல்லப் பின்னுக்கு இறக்கினேன். முதியவரின் ஆப்புகளில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். முன்னால் மலைச்சாலை ஏறியும் இறங்கியும் வளைந்து போனது, வழி முழுக்கச் சாய்வுதான். அதைப் பற்றிக் கவலையில்லை என்று அவரே சொல்லி அனுப்பினார். ஓடும் வண்டியின் குலுக்கலில் ஒரு வளைவு தேக்கிய திரவத்தை அடுத்த வளைவு அவிழ்த்துவிட்டுவிடும்.